புகைக்கு வரவில்லை, பிள்ளைக்கு வந்தார்கள்

முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.

போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளிநாட்டில், குட்மேய்ஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டில் நானும் மகள் தாரணியும் மட்டும். கணவர் வேலைக்குப் போயிருந்தார். தாரணிக்குப் பத்தொன்பது வயது. ஒரு நோய் வருத்தமும் இல்லாத பிள்ளை. நான் சாமியறையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ தொம்மென்று விழுந்தது.

ஓடிப்போனேன். கட்டிலடியில் கிடந்தாள். உதடு நீலம். மூச்சில்லை.

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். போனில் வந்த பெண், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து விடாமல் அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். பிள்ளையின் எலும்பு என் கைக்குக் கீழே நெரிந்தது. போனில் அவள் எண்ண எண்ண, நான் ஒன்றையே கேட்டேன். "முருகா, அம்புலன்ஸை அனுப்பு."

வாசல் மணி அடித்தது. இறங்கி ஓடிக் கதவைத் திறந்தேன். நின்றது தீயணைப்பு வண்டி.

முந்தின தை மாதமும் அது வந்திருந்தது. சாம்பிராணிப் புகையைக் கண்டு பக்கத்து வீட்டார் அறிவித்துவிட்டார்கள். தெருவே பார்க்க நான் குறுகி நின்றேன். அந்த நினைவுதான் முதலில் வந்தது.

"இங்கை நெருப்பில்லை! சாமிப் புகை! போங்கோ, எனக்கு அம்புலன்ஸ் வேணும்!" எந்த மொழியில் கத்தினேனோ தெரியாது. கதவை விடாமல் மறித்து நின்றேன். மேலே என் பிள்ளையின் நெஞ்சை அழுத்த ஒருவருமில்லை.

முன்னால் நின்ற பெண், "புகைக்கு வரவில்லை. உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கிறோம். எங்கே?" என்றாள். என்னை விலக்கிக்கொண்டு மூன்று பேரும் படியேறினார்கள். அப்போதும் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றச் சொல்லத்தான் என் வாய் உன்னியது. எழுதவே கூசுகிறது.

அம்புலன்ஸ் தூரத்தில் நின்றதாம். அதனால் கிட்ட இருந்த இவர்களை அனுப்பியிருக்கிறார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அவர்களின் வண்டியிலேயே இருந்தது. இரண்டு தரம் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் நாடி திரும்பியது. அம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆறு நாள் அவள் கண் திறக்கவில்லை. ஏழாம் நாள் என்னைப் பார்த்து, "அம்மா, நெஞ்சு நோகுது" என்றாள். அந்த நோவைக் கொடுத்தது என் கை.

இதயம் மறுபடி நின்றால் தானே அதிர்ச்சி கொடுக்க, இப்போது தோளுக்குக் கீழே ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். சில நாட்களில் சொல்லவந்த சொல் அவளுக்கு மறந்துபோகிறது. நான் கதவை மறித்து நின்ற அந்த அரை நிமிடத்தாலா? டொக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. இரவில் அவள் மூச்சைக் கேட்க இன்னும் எழும்பிப் போகிறேன்.

கணவர் ஒருநாள் சொன்னார்: "மயிலிலை வாறவருக்கு நீர் அம்புலன்ஸிலைதான் வரவேணுமெண்டு சட்டம் போட்டிருக்கிறீர்." நான் சிரித்தேன். பிறகு அழுதேன். உண்மை அதுதானே.

மாதம் ஒரு வெள்ளி, அந்தத் தீயணைப்பு நிலையத்துக்கு வடை கொண்டுபோகிறேன். "இந்த முறை எங்களைத் துரத்தமாட்டீர்கள்தானே?" என்று அந்தப் பெண் கேட்பாள்.

உங்களுக்கும் ஆபத்து வரும். அழுது கேளுங்கள், அவன் கேட்பான். நெஞ்சை அழுத்தவும் பழகி வையுங்கள். ஆனால் எந்த உருவில் வரவேண்டுமென்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மணி அடித்தால் கதவைத் திறந்து, விலகி நில்லுங்கள்.