தலை சாமி சீமையில், வால் கலெக்டர் சீமையில்

இந்த வாரம் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. போன வியாழக்கிழமை செங்கோட்டை ரோட்டில் பார்த்தது குறுக்கே வந்து நிற்கிறது. பார்த்தது என்று சொல்வதுகூடப் பொய்... நானும் சேர்ந்து செய்தது.

தென்காசியிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் கரி பஸ்ஸில் செங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வாசகசாலையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? ‘ஆட்சிகளில் சிறந்தது எது?’ சட்டைப்பையில் ஆறு பக்கக் குறிப்பு. கடவுள் பெயரால் நடக்கும் ஆட்சி, ராஜாவின் ஆட்சி, வெள்ளைக்காரன் ஆட்சி, ஜனங்களே ஓட்டுப் போட்டு நடத்துகிற ஆட்சி — எல்லாவற்றையும் அலசி, கடைசி ஒன்றுக்கு மாலை போட்டு வைத்திருந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தென்காசி பிரிட்டிஷ் சீமை. ஐந்து மைல் தள்ளியிருக்கிற செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்த நாடே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்த சொத்து. மகாராஜா சுவாமியின் தாசன், சுவாமிக்காக நாட்டைப் பார்த்துக்கொள்கிறவர், அவ்வளவுதான். ஆக, இந்தப் பக்கம் கலெக்டர், அந்தப் பக்கம் கடவுள். நடுவே சங்கு பொறித்த ஓர் எல்லைக்கல். குற்றாலத்துச் சாரல் மட்டும் யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் பெய்யும்.

அன்றைக்கும் சாரல். எல்லைக்கல் பக்கத்தில் ஒரு பசு மிரண்டு ரோட்டில் பாய்ந்தது. டிரைவர் சுப்பையா பிரேக்கை மிதித்தும் ஈர ரோட்டில் பஸ் நிற்கவில்லை. பசு அதே இடத்தில் முடிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து அதைக் கூட்டி வந்த அம்மாள் ஓடைக்கரையில் போய் விழுந்தாள். நாற்பது வயதிருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. துண்டைக் கிழித்துக் கட்டினோம். கட்டக் கட்ட ரத்தம் நனைந்து வந்தது.

அவளைத் தென்காசி தருமாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று மைல். இருப்பது ஒரே வண்டி, எங்கள் பஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? நீங்கள் அங்கே இல்லை. நாங்கள் இருந்தோம்.

“வண்டிய ஒருத்தரும் தொடாதீய” என்றார் பஸ்ஸில் வந்த ஒருவர். செங்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி. “பசுவோட தல எங்கன கெடக்குன்னு பாத்தீயளா? எங்க எல்லைக்குள்ள கெடக்கு. இது சாமி மண்ணு. பசுவக் கொன்னா சும்மா விடமாட்டாக.”

பார்த்தோம். நிஜம்தான். தலை கல்லுக்கு அந்தப் பக்கம். வால் இந்தப் பக்கம்.

சுப்பையாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாமி சீமையில் பசுவைக் கொன்றால் வருஷக்கணக்கில் ஜெயில் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை வருஷம் என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு. சுப்பையா வாசுதேவநல்லூர்க்காரர். கல்யாணமாகி ஆறு மாதம். ரோட்டோரப் பாலத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

“தலைய வச்சுக் கணக்குப் பாக்கக் கூடாது வே” என்றார் என் பக்கத்து சீட்டுக்காரர், ஆலங்குளத்தில் மாட்டுத் தரகு செய்பவர். “வண்டி முட்டுனது வயித்துல. வயிறு எங்க பக்கம். எங்க பக்கம்னா அபராதத்தோட போயிரும்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. பஸ் நகர்ந்தால் டயர்த் தடம் அழிந்துவிடும், பசு எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் நகரக் கூடாது என்று விபூதிக்காரர் பஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டார். நாங்கள் சுற்றி நின்றோம். சுங்கச் சாவடி இன்னும் அரை மைல் அப்பால். போலீஸ் என்று ஒரு தலைப்பாகையும் கண்ணில் படவில்லை. இரண்டு சர்க்காரும் அங்கே இல்லை. எங்களை யாரும் தடுக்கவில்லை.

“சாமி கிட்டயே கேட்டுருவோம்” என்றார் விபூதிக்காரர். இரண்டு இலையில் பூக்கட்டினார். வெள்ளைப் பூ வந்தால் பசு சாமி பக்கம், சிவப்பு வந்தால் கலெக்டர் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் எடுத்தார். வெள்ளை.

“கட்டுனது உம்ம கை. சாமி எப்படிவே செவப்பக் குடுக்கும்?” என்று தரகர் சண்டைக்குப் போனார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஆறு பக்கக் குறிப்பு எழுதியவனுக்குச் சும்மா நிற்க முடியுமா? பூவும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம், கை தூக்குங்கள், பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்றேன். பசுவை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுச் சுப்பையாவைக் காப்பாற்றலாமா, கூடாதா? இதுதான் கேள்வி.

பஸ் தென்காசியிலிருந்து வந்தது. எங்கள் ஆட்கள்தான் அதிகம். இழுக்கலாம் என்று பதினாலு கை, கூடாது என்று ஒன்பது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்னத்தைச் சொல்ல. ஆனால் அதற்குள் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் கரையேறி வந்துவிட்டார்கள். அவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். எங்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்றார்கள். எண்ணத்தானே வேண்டும்? மறுபடி எண்ணினோம். ஒருவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார் என்று தகராறு. மூன்றாம் முறை எண்ணினோம்.

ஓடைக்கரையில் அந்த அம்மாள் முனகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காமல் இல்லை. கேட்டது. நடுவில் ஒரு தடவை அவளிடம் போய், “இந்தா ஒரு நிமிஷம், இப்பப் போயிருவோம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, நாலாம் முறை எண்ண ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் மாடத்தி என்று ஒரு பலாச்சுளைக்காரி. குற்றாலத்தில் வாங்கிச் செங்கோட்டையில் விற்பவள். அவள்தான் அந்தம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள். கத்தக்கூட இல்லை.

“செத்தது எங்கன வேணும்னாலும் கெடக்கட்டும். இவ உசுரோட கெடக்கா. இவள எந்தச் சீமையில எழுதிருக்கீய?”

தூக்கின கைகள் இறங்கின.

“ஏலே சுப்பையா, வண்டிய எடு. ஜெயிலுக்குப் போணும்னா நானும் வாரேன். பைய ஓட்டு, கெடக்கவளுக்கு உலுக்கும்” என்றாள் மறுபடி.

விபூதிக்காரர் விலகினார். விலகினது மட்டுமில்லை, அந்தம்மாளைத் தூக்கிக் கிடத்த முதல் கை கொடுத்தவரும் அவர்தான். சுப்பையா பஸ்ஸைத் திருப்பினார். அந்த மூன்று மைலுக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. அதுதான் என்னை அடித்துப் போட்டது. பத்து நிமிஷம்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். “எப்ப அடிபட்டது?” என்று கேட்டார்.

“முக்கால் மணி இருக்கும்.”

“எங்கே?”

சொன்னேன்.

“வண்டி கிடைக்கலையா?”

கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? எங்களிடம் வண்டி இருந்தது, கடவுளும் இருந்தார், ஜனநாயகமும் இருந்தது என்றா?

உயிர் தங்கிவிட்டது. கால் தங்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் காலைக் காப்பாற்ற முயற்சியாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

இன்னொன்றும் கேளுங்கள். செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விசாரித்தேன். வேண்டுமென்று வெட்டினால்தான் அங்கே குற்றமாம். வண்டியில் அடிபட்டுச் சாவது விபத்து, அது எந்தச் சீமையிலும் விபத்துதானாம். “நீங்களாவது படிச்சவரு, யாரையாவது அனுப்பிக் கேட்டிருக்கலாமே” என்றார். எங்களுக்கு எங்கே நேரம்? ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தோமே.

வாசகசாலைக்காரர்கள் மறுபடி தேதி கேட்டுக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். என்ன பேசுவேன்? சாமியின் பேரைச் சொல்லி ஆண்டால், சாமிக்காகப் பேசுகிறவன் வைத்ததுதான் சட்டம் என்று குறிப்பில் காரசாரமாக எழுதியிருந்தேன். சரிதான், பூக்கட்டினவர் கையைப் பார்த்தேனே. ஓட்டுப் போட்டு ஆண்டால் அந்தத் தொல்லை இல்லை என்றும் எழுதியிருந்தேன். அதையும் பார்த்தேன், என் கையாலேயே. நாலு தடவை எண்ணியும், கீழே கிடந்தவளை நான் ஒரு தடவைகூட எண்ணவில்லை. கை தூக்க முடிந்தவர்களைத்தானே எண்ணுவோம்? இப்போதும் நான் ஓட்டின் கட்சிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் மாலை போட இனி கை வராது.

சொல்ல வெட்கப்பட்டு ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் உள்ளே போனதும் கம்பவுண்டர் நோட்டைத் திறந்துகொண்டு வந்தார். அந்தம்மாளுக்கு அதற்குள் நினைவு தப்பியிருந்தது. நாங்கள் பதினோரு பேர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

“பேரு?” என்றார்.

நான் தரகரைப் பார்த்தேன். தரகர் விபூதிக்காரரைப் பார்த்தார். அவர் மாடத்தியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பெயர் கேட்கப் போனபோதெல்லாம் அந்தம்மாள் மாட்டைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

“என்ன ஐயா, இத்தனை பேர் நிக்கீய, ஒரு பேரு தெரியாதா?”

ஓடைக்கரையில் அவள் முனகியதில் என் காதில் விழுந்திருந்த ஒன்றே ஒன்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

“பசு பேரு லெச்சுமி.”