ஆர்லீதா மேல் ஒட்டிய தாள்

இது நடந்தது. அக்ரிங்டன் தொழிலாளர் கிளப்பின் மாடிக் கூடத்தில் அன்று நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மீதிப் பாதி பேச்சை மாற்றுவார்கள். இதில் வரும் நேரங்கள் எல்லாம் கிளெண்டா ஆர்மரோட் சொன்னவை. லங்காஷயர் சாலைகளில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள். ஒரு நிமிடத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவளுக்கு வராது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை அந்தக் கூடத்தில் நடனம். பாட்டெல்லாம் அமெரிக்காவில் அறுபதுகளில் வந்து, அங்கேயே விற்காமல் போன சோல் என்னும் கறுப்பர் இசை ரெக்கார்டுகள். ஆடுபவர்களுக்கும் அதே வயது. வழுக்காமல் போனால் ஆட முடியாது என்று தரையில் டால்கம் பவுடரைத் தூவி, தட்டையான தோல் செருப்பில் சுழல்வார்கள்.

அங்கே மரியாதை ஒன்றுக்குத்தான். வேறு யாரிடமும் இல்லாத ரெக்கார்டு. அங்கே வாடிக்கையாக வரும் ரோலண்ட் ஹேஸல்டைனிடம் அப்படிப் பதினொன்று இருந்தன. நாற்பது வருடம் அலைந்தும் கிளெண்டாவிடம் ஒன்றுகூட இல்லை. விற்பனை மேசைகளில் குனிந்து பெட்டிகளைப் புரட்டும்போது, "நீங்க யாரும்மா? வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்காத ஆண் குறைவு. வீட்டுக்காரர் சோல் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்வார்.

சோல் ரெக்கார்டுகளில் தோண்டித் தோண்டி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபோது, சிலர் தேவாலயப் பாட்டுகள் பக்கம் திரும்பினார்கள். அதே டிரம், அதே பியானோ, அதே தொண்டை. கறுப்பர் சபைகளில் காசு திரட்டி இருநூறு முந்நூறு பிரதி மட்டும் அச்சடித்து, ஆராதனை முடிந்ததும் வாசலில் விற்ற தட்டுகள். கடைக்கே வராதவை. ஆனால் அரிது என்பது மட்டும் காரணமில்லை. ஹிட் ஆக வேண்டும், வானொலியில் வர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒருத்தி வாயைத் திறந்தால் அந்தக் குரல் வேறு மாதிரி இருக்கும். கிளெண்டாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அந்தக் குரல்களை மட்டும் நம்பினாள்.

நடனத்தை நடத்தும் நெவில் கார்சைடுக்கு இது பிடிக்கவில்லை.

"அம்மணி, இது டான்ஸ் ஹால். ஞாயித்துக்கிழமை பைபிள் வகுப்பு இல்ல."

"கால் ஆடுதா இல்லையா, அத மட்டும் பாரு."

2013 நவம்பர் 14, வியாழன், மாலை நான்கு இருபது. அமெரிக்காவின் மெம்ஃபிஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக வாங்கிய பழைய தட்டுகள். எல்லாம் குப்பை, ஒன்றைத் தவிர. மஞ்சள் லேபிள். சிஸ்டர் ஆர்லீதா பிளெட்சோ. கீழே மிசிசிப்பியில் ஒரு சபையின் பெயர்.

ஊசியை வைத்தாள். முதலில் ஒரு மூச்சு. பாடுவதற்கு முன் ஒருத்தி நெஞ்சு நிறைய இழுக்கும் மூச்சு. பிறகு கைத்தட்டல், டிரம், குரல். "நான் கதவைத் தட்டல... உள்ளேயே வந்துட்டேன்." கெஞ்சல் இல்லை. சொர்க்கத்து வாசலில் நின்று வழி விடச் சொல்லும் குரல். இரண்டு நிமிடம் முப்பத்தொரு விநாடி.

மேல்கோட்டைக் கழற்றாமலேயே பதினொரு தடவை கேட்டாள். பிறகு விடிய விடியத் தேடினாள். பட்டியல்கள், புத்தகங்கள், சேகரிப்பாளர்களின் இணையப் பக்கங்கள். ஆர்லீதா பிளெட்சோ என்ற பெயரே எங்கும் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒன்று, கடைசியில், அவளிடம்.

இப்படி ஒன்று கிடைத்தால் இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லேபிளின் மேல் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுவார்கள். பாடியவர் பெயருக்குப் பதில் ஒரு பொய்ப் பெயர் வைப்பார்கள். உண்மைப் பெயர் தெரிந்தால் மற்றவர்கள் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்துவிடுவார்கள் அல்லவா? ரோலண்டுக்கு அதற்கு ஒரு வாரம் போதும். இதில் தவறு இருப்பதாக அங்கே யாரும் நினைத்ததில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தாளை ஒட்டினாள். ரூபி டெல்ரே என்று எழுதினாள். அப்படி ஒரு பாடகி பிறக்கவே இல்லை.

நான்கு நாற்பதுக்குத் தாள் தரையில் கிடந்தது. எழுத்து கீழே பார்த்தபடி.

பசை சரியில்லை போலும். மறுபடி ஒட்டினாள்.

இரவு ஏழு பத்து. தாள் சமையலறை வாசலில் கிடந்தது. ரெக்கார்டு இருந்ததோ முன்னறையில், உறைக்குள். ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை.

"இங்க பாரு," என்றாள் கிளெண்டா, வெறும் அறையைப் பார்த்து. "இதுக்கு நான் நாப்பது வருஷம் காத்திருந்தேன். நீ என்ன பண்ணாலும் சரி."

செருப்பு ஒட்டும் பசையைக் கொண்டுவந்து விளிம்பு முழுக்கத் தடவினாள். அதற்குப் பிறகு தாள் அசையவில்லை.

ஞாயிறு. நவம்பரில் நாலரைக்கே வெளியே இருட்டிவிடும். ரெக்கார்டு போட கிளெண்டாவின் முறை நாலரையிலிருந்து ஐந்தரை. மேடைக்கு எதிரே ரோலண்ட் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் போல இன்னும் ஐம்பது அறுபது பேர்.

"என்னமோ வச்சிருக்கியாமே?" என்றார்.

"வச்சிருக்கேன்."

"பேரச் சொன்னா பீர் வாங்கித் தரேன்."

"உன் பீர் யாருக்கு வேணும்?"

ஐந்து மணி. சரியாக ஐந்து. மைக்கைப் பிடித்தாள். "இது ரூபி டெல்ரே. நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க." ஊசியை இறக்கினாள்.

மூச்சு கேட்டது.

கைத்தட்டல் வரவில்லை.

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி அதன் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்து விநாடி... பத்து... ஆடுவதற்காக ஒரு காலை முன்னே வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பிறகு மூச்சு வெளியே வந்தது. ரெக்கார்டில் அப்படி ஒரு இடமே கிடையாது. பதினொரு தடவை கேட்டவள் அவள்.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல். பாடவில்லை. கோபமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது போல, சாதாரணமாக.

"யாரு அவ?"

கூடத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

நெவில் மேடையருகே ஓடி வந்தான். "என்ன இது? ஊசியத் தூக்கு."

"தூக்க மாட்டேன்."

"கிளெண்டா..."

"இது என் முறை. அஞ்சரை வரைக்கும் என்னோடது."

அவளுக்கு அப்போது வந்தது எரிச்சல்தான். மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ரூபி டெல்ரே," என்றாள், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி.

"யாரு அவ?"

இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. கதவுப் பக்கமிருந்து.

ஐந்து இரண்டு. தரையில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. ஏன் ஒதுங்கினோம் என்று பின்னால் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. கதவிலிருந்து மேடை வரை நடுவில் ஒரு பாதை விழுந்தது. அதில் பவுடர் வெள்ளையாகப் படிந்திருந்தது.

அந்தப் பவுடரில் ஒரு தடம் விழுந்தது.

கூர்மையான முன்பகுதி. பின்னால் சின்ன வட்டம். குதிகால் வைத்த செருப்பு. அந்தத் தரையில் குதிகால் செருப்போடு யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

இன்னொரு தடம்.

இன்னொன்று...

டக்... டக்... சத்தமும் கேட்டது. நிதானமான நடை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று உடுத்திக்கொண்டு வருகிற ஒருத்தியின் நடை.

ரோலண்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

டக்... டக்...

"கிளெண்டா, வா போயிடலாம்," என்றான் நெவில். உதடு மட்டும் அசைந்தது.

அவள் போகவில்லை.

மேடையின் முதல் படி முனகியது.

இரண்டாவது படி.

ஐந்து மூன்று. இரண்டரை நிமிடத் தட்டு முடிந்திருக்க வேண்டும்; ஊசி இன்னும் தொடக்கத்தைத் தாண்டவில்லை.

எதிரே யாரும் இல்லை. ஆனால் முகத்தில் மூச்சு பட்டது.

சூடான மூச்சு.

சுழலும் தட்டில், வெள்ளைத் தாளின் ஓரம் மெல்ல மேலெழுந்தது. செருப்புப் பசை. நகத்தால் நெம்பினாலும் வராத பசை...

"யாரு அவ?"

காதருகே.

கிளெண்டாவுக்குப் பயம் வந்தது. அதை அவள் ஒளிப்பதில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை. நாற்பது வருடமாக விற்பனை மேசைகளில் அவளிடம் கேட்டார்களே, நீங்க யாரும்மா என்று. அப்போதெல்லாம் அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறும். இப்போது ஒருத்தி வந்து, என் இடத்தில் எழுதியிருக்கிறாயே, இவள் யார் என்று கேட்கிறாள். நியாயமாகத்தான் கேட்கிறாள்.

நாற்பது வருடத்தில் கிடைத்த ஒரே ஒரு ரெக்கார்டு. எதிரே, பேனாவோடு ரோலண்ட்.

சுழன்றுகொண்டிருந்த தட்டின் மேல் கையை வைத்து நிறுத்தினாள். தாளைப் பிடித்து இழுத்தாள். ஈரத் தாள் போலச் சுலபமாக வந்தது.

"அப்படி யாரும் இல்ல," என்றாள் மைக்கில். "பொய் சொன்னேன். பாடுறது சிஸ்டர் ஆர்லீதா பிளெட்சோ. பேனா வச்சிருக்கவங்க எழுதிக்கோங்க. ரோலண்ட், எழுது."

கையை எடுத்தாள். ஐந்து நான்கு.

கைத்தட்டல். டிரம். குரல்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர், பிறகு நான்கு பேர், பிறகு கூடமே ஆடியது. அழுதுகொண்டே ஆடியவர்கள் உண்டு. நடுவிலிருந்த தடங்களை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. பாட்டு முடிந்தபோது கைதட்டினார்கள். கிளெண்டாவுக்கா, வேறு யாருக்கா என்று தெரியவில்லை.

நெவில் அவளைப் படிக்கட்டில் பிடித்தான். "உனக்குப் பைத்தியமா? கைல இருந்தத மைக் போட்டு ஊருக்கே குடுத்துட்டியே. பயந்துட்டியா?"

"பயந்தேன். ஆனா பயந்து குடுக்கல."

"பின்ன?"

"அவங்க பேரு அது. நான் யாரு மறைக்கிறதுக்கு?"

புதன்கிழமை மாலை ஆறேகால். ரோலண்டிடமிருந்து போன். அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத்தான் அவர் வேலை பார்த்திருந்தார். அன்று லேபிளில் பார்த்துக் குறித்துக்கொண்ட சபையைக் கண்டுபிடித்து, மிசிசிப்பிக்குப் பேசி, ஆர்லீதாவின் எண்பத்தொரு வயதுத் தங்கை வெர்னீஸைப் பிடித்துவிட்டார்.

"இன்னொரு காப்பி கிடைச்சுதா?" என்றாள் கிளெண்டா. குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"கேளு." அவர் மெதுவாகப் பேசினார். "முதல்ல ரெக்கார்டு அச்சடிச்ச கம்பெனிக்காரன் லேபிள்ல வேற ஒருத்தி பேரப் போட்டு அனுப்பிட்டானாம். அந்தம்மா ஒண்ணு விடாம திருப்பி அனுப்பிட்டாங்க. என் பேர் இல்லாம என் குரல் வெளிய போகாதுன்னு. சரியான பேரோட மறுபடி முந்நூறு வந்துச்சு. வந்தது 1971ல, அந்தம்மா செத்த அன்னிக்கு."

"சரி?"

"பாத்துட்டுப் போகக் குடுத்து வைக்கலையேன்னு, முந்நூறையும் சவப்பெட்டில வச்சுப் புதைச்சுட்டாங்க. ஆறு பேர் தூக்குற பெட்டிய எட்டுப் பேர் தூக்குனாங்களாம். வெளிய ஒண்ணுகூட இல்லன்னு அந்தக் கிழவி சத்தியம் பண்றா. நான் உன்கிட்ட இருக்குன்னு சொன்னேன். போன வச்சுட்டா."

கிளெண்டா திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் மஞ்சள் லேபிள் அதன் உறைக்குள் இருந்தது.

"அப்போ இத இனி ஒவ்வொரு தடவையும் அஞ்சு மணிக்குப் போடப் போறேன்," என்றாள். "பேரோட."

"கிளெண்டா."

"என்ன?"

"நான் இதுக்கு போன் பண்ணல." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் அலமாரில அகர வரிசைல அடுக்கி வச்சிருக்கேன்ல. இப்பப் போய் பாத்தேன். பிளெட்சோ வர வேண்டிய இடத்துல ஒண்ணு இருக்கு. மஞ்சள் லேபிள். நான் வாங்கல. என் வீட்டு சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அடுத்த வாரம் பர்ன்லியில் ஒருவருக்கு வந்தது. பிறகு ஸ்டோக்கில் இருவருக்கு. எல்லோரும் அன்று அந்தக் கூடத்தில் பெயரை எழுதிக்கொண்டவர்கள். பயந்துபோய் நோட்டைக் கிழித்து எரித்த ஒருவருக்கு மட்டும் இரண்டு வந்தன. எதன் மேலும் இதுவரை யாரும் தாள் ஒட்டவில்லை.

சவப்பெட்டிக்குள் போனவை முந்நூறு. போன மாதக் கணக்குப்படி வெளியே வந்திருப்பவை நாற்பத்துமூன்று.