கால் இல்லாத ஸ்கி வீடியோ

செவ்வாய்க்கிழமை காலை 11.05, நோர்பரி ரெயில் நிலையம். தோளில் கமராப் பை, கையில் கிம்பல் பெட்டி, வலது தோள்மூட்டில் நேற்று ஒட்டிய வலிப் பிளாஸ்டர். ஞாயிறு முழுக்க ஒரு கலியாண வீடு. திங்கள் முழுக்க அதைக் கொம்பியூட்டரில் வைத்து வெட்டி ஒட்டினேன். இன்றைக்குப் படுத்துக் கிடக்க வேண்டிய மனிசன், பனியில் சறுக்குகிற ஒருவரை வீடியோ எடுக்கப் போகிறேன். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் கலியாணமும், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடும் எடுத்தவனுக்கு இது தேவையா என்று மனைவி கேட்டா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன்.

கிம்பல் என்பது கமராவைத் தாங்கும் கைப்பிடி. உள்ளே மூன்று சின்ன மோட்டர்கள் இருக்கின்றன. நாங்கள் நடந்தாலும் தடுக்கினாலும் படம் ஆடாது. கமராவோடு சேர்த்து இரண்டரைக் கிலோ. கடையில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆறு மணித்தியாலம் தூக்கிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

11.30க்கு விக்டோரியா. அங்கிருந்து சுரங்க ரெயிலில் ஒரு தரிப்பு, கிறீன் பார்க். மாறி ஜூபிலி லைனில் ஏறினேன். இருக்க இடம் கிடைத்ததும் கண் மூடிவிட்டது. வெம்ப்ளி பார்க்கில் திடுக்கிட்டு எழும்பிப் பெட்டியைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

12.25, கிங்ஸ்பரி. நிலைய வாசலில் சின்ன வெள்ளைக் காரோடு மலர்விழி நின்றார். மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர். படிக்க வந்து இங்கேயே தங்கி, இருபத்தொரு வருடமாக ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வயது நாற்பத்தாறு. அவருடைய சிநேகிதியின் கலியாணத்தை நான் எடுத்ததில் பழக்கம்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"ஓம், பாண் சாப்பிட்டனான்."

"பாண் எல்லாம் ஒரு சாப்பாடா? பின்னாடி நாசி லெமாக் இருக்கு, சாப்பிடுங்க லா."

கார் பின்சீட்டில் ஸ்கி பெட்டி நீட்டுக்குக் கிடந்தது. அதை முழங்கையால் தள்ளிக்கொண்டு தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டேன். அன்றைக்கு நடந்த நல்ல விஷயங்களில் அது முதலாவது.

பனிச்சறுக்கு மண்டபம் இருக்கிற ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் பதினேழு மைல். போகிற வழியில் மலர்விழி விஷயத்தைச் சொன்னார். உடற்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஸ்கி சொல்லிக் கொடுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை சிலரைத் தெரிவு செய்து, செலவைத் தானே ஏற்றுப் பயிற்றுநராக்கும். விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும்: மேலிருந்து கீழ் வரை ஒரே ஓட்டம், இடையில் வெட்டு இருக்கக் கூடாது. போன தடவை கணவர் போனில் எடுத்தது ஆடிய ஆட்டத்தில், மதிப்பிட முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவைக்குக் கடைசி நேரம் இன்று பின்னேரம் ஐந்து மணி.

"கிடைச்சுட்டா ஆபீஸ்ல மூணு நாள் வேலைக்கு மாறிடுவேன். மிச்ச ரெண்டு நாள் இது. கிடைக்கலைன்னா..." என்று சொல்லி இண்டிக்கேற்றரைப் போட்டார். "ஆடாம, தெளிவா எடுத்துக் குடுங்க அண்ணே. அது போதும்."

"அதெல்லாம் பயப்பிடாதேங்கோ. ஆடாது," என்றேன்.

1.15. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய சாமான் களஞ்சியம் ஒன்றைச் சரித்து வைத்தது போன்ற கட்டடம். உள்ளே உண்மையான பனி, நூற்றைம்பது மீற்றர் போலச் சரிவு. குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாலு பாகை. வெளியே பன்னிரண்டு பாகையில் கோட்டைத் திறந்துவிட்டுத் திரிந்தவன், உள்ளே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீடியோ எடுக்க மலர்விழி முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். சரிவின் அடியில், வலைக்கு இந்தப் பக்கம் மட்டும் நான் நடக்கலாம். ஒரு மணித்தியாலம் எங்களுடையது: இரண்டிலிருந்து மூன்று வரை.

2.00. இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போனார். சின்னப் புள்ளியாகத் தெரிந்தவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து இறங்கினார். நான் வலையோரமாக நடந்துகொண்டே லென்ஸை நீட்டிப் பிடித்தேன். கிம்பல் தன் வேலையைச் செய்தது. படம் வெண்ணெய் போல வழுக்கியது. கீழே வந்து நின்றவரிடம் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் திரும்பவும் கயிற்றைப் பிடித்தார். இப்படி நாற்பது நிமிடத்தில் ஒன்பது ஓட்டம். விரல் விறைத்துப் போனது, தோள் கத்தியது. ஆனாலும் படம் நல்ல படம். எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது.

2.40க்கு மலர்விழி மூச்சு வாங்கிக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் வந்தார். "எது நல்லா வந்திருக்கு, காட்டுங்க." கமராவின் சின்னத் திரையில் ஒன்றைப் போட்டேன். பார்த்தார். அடுத்ததைப் போடச் சொன்னார். பிறகு அதற்கடுத்தது.

"அண்ணே, என் கால் எங்க?"

"கால்?"

"கால் அண்ணே. ஸ்கி. எல்லாத்துலயும் என் மூஞ்சிதான் இருக்கு."

திரையைப் பார்த்தேன். ஒன்பது ஓட்டத்திலும் தலைக்கவசத்துக்குக் கீழே அவர் முகம், கொஞ்சம் தோள், பின்னால் வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களின் விசேஷங்களில் வீடியோக்காரனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு முகமும் விடுபடக் கூடாது. விடுபட்டால் கனடாவிலிருந்து போன் வரும், "எங்கட மாமாவை ஏன் எடுக்கேல்லை, காசு குடுத்தவைக்கு மட்டுமோ வீடியோ" என்று. ஆகவே கிம்பலை முகத்தைப் பிடித்துப் பின்தொடரும்படிதான் எப்போதும் வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வைத்ததை மாற்றவில்லை. கையும் தன்பாட்டில் முகத்தை நோக்கித்தான் லென்ஸை நீட்டியிருக்கிறது. ஸ்கியில் ஆளை எடைபோடுவது காலை வைத்து என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று மலர்விழியும் யோசிக்கவில்லை. அவரில் பிழை இல்லை. முழுக்க என்னுடைய மடைத்தனம்.

"தங்கச்சி, என்ர பிழை," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மணிக்கூட்டைப் பார்த்தார். "இருபது நிமிஷம் இருக்கு. காலோட எடுங்க," என்று சொல்லிவிட்டு மேலே போனார். ஒன்பது தடவை இறங்கிய கால், அதற்குள் களைத்திருந்தது. கயிற்றைப் பிடிக்கும்போதே தெரிந்தது.

முகம் பிடிப்பதை நிறுத்திவிட்டு, லென்ஸை உள்ளே இழுத்து, ஆளை முழுதாகப் பிடித்தேன். முதல் ஓட்டம் நன்றாகத் தொடங்கியது. பாதியில் வேறு இரண்டு பேர் குறுக்கே வந்து சில நொடி மறைத்தார்கள்; அவர்கள் விலகியபின் கீழ் வரை சுத்தம். இரண்டாவதில் விழுந்தார். மூன்றாவது அருமையாக வந்தது. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இடது ஸ்கி வழுக்கி, ஒரு கை பனியில் பட்டு, எப்படியோ நிமிர்ந்து வந்து சேர்ந்தார். மணி அடித்துவிட்டது. அடுத்த மணித்தியாலத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டோம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழுதாக எடுத்திருந்தார்கள்.

3.20. மேல்மாடியில் கோப்பிக் கடை. ஒரு கோப்பி மூன்று பவுண் எண்பது. சுரணை திரும்பும் விரல்கள் எரிய எரிய லப்டொப்பைத் திறந்தேன். வெட்டுவது என் தொழில். பிரிந்துபோன மருமகனைக் கலியாண வீடியோவிலிருந்து காணாமற் போக்கியிருக்கிறேன், யாரும் கண்டுபிடித்ததில்லை. மூன்றாவது ஓட்டத்தின் மேல்பாதி, முதலாவதின் கீழ்ப்பாதி. யாரோ குறுக்கே போகிற நொடியில் இரண்டையும் சேர்த்தால் தையல் தெரியாது. கிம்பலில் எடுத்ததால் ஆட்டமும் இல்லை. வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்தான். ஆனால் என்னால் கெட்டது என்னாலேயே சரியாகட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"ஒருக்கால் பாருங்கோ," என்று லப்டொப்பைத் திருப்பினேன்.

மலர்விழி இரண்டு தடவை பார்த்தார். மணி 4.20. மூன்றாவது தடவையும் பார்த்தார். ஆசைப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது.

"நல்லா இருக்கு அண்ணே. ஆனா இது நான் இல்லை. என்னை எடுத்துட்டாங்கன்னா அங்க போய் நான்தானே ஓடணும்? கால் வராத புள்ளையைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். கை பட்டதையே அனுப்புங்க."

"கை பட்டது நல்லாத் தெரியுது, தங்கச்சி."

"தெரியட்டும் லா."

4.38க்கு அனுப்பினோம். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது. ஆறின கோப்பியைக் குடித்தேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் நத்தையாக ஊர்ந்தன. கிங்ஸ்பரியில் இறங்கும்போது நேரம் 6.10. அவர் காசு எடுத்தார், நான் வாங்கவில்லை. ஜூபிலி லைனில் நின்றுகொண்டே வந்தேன். நோர்பரியில் இறங்கியபோது மணி எட்டை நெருங்கியிருந்தது. முப்பது மைல் தள்ளிப் போய் ஒரு மனுசியின் அரை வருடத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பு, பையைவிடப் பாரமாக இருந்தது. மனைவி கேட்டதற்கு "குளிர்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "கிடைக்கலை அண்ணே. கடைசி வளைவுல கட்டுப்பாடு போதாதுன்னு எழுதியிருக்காங்க. மறுபடி மார்ச்சில போடலாமாம்."

"என்னாலதான், தங்கச்சி. முதல் ஒன்பதுக்குள்ள ஒண்டு கட்டாயம் நல்லாயிருந்திருக்கும்."

"விடுங்க. அந்த மூஞ்சி எடுத்ததை எனக்கு அனுப்பி வைங்க."

ஒன்பதையும் அனுப்பினேன். வெட்டவில்லை, பாட்டுப் போடவில்லை. குத்திக்காட்டத்தான் கேட்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் மறுபடி பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, ஆறு வருஷமா ஸ்கி ஓடுறேன். பயந்து செத்துக்கிட்டுத்தான் இறங்குறேன்னு நினைச்சிருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு. நீங்க எடுத்ததைப் பார்த்தா, ஒன்பதுலயும் சிரிச்சுக்கிட்டே வர்றேன். யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு, லூசு மாதிரி சிரிக்கிறேன். ஆபீஸ்ல நான் இப்படிச் சிரிச்சு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாளைக்கு ஆபீஸ்ல, வாரத்துல மூணு நாள் வேலைக்கு மாறணும்னு எழுதிக் குடுக்கப் போறேன். சங்கத்துல என்னை எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

மார்ச்சில் எந்த நாள் வீடியோ எடுப்பது என்று கேட்டேன். இரண்டாவது சனிக்கிழமைக்குச் சரிவில் மறுபடி ஒரு மணித்தியாலம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த நாளில் எனக்கு ஒரு சாமத்திய வீட்டு ஓடர், அச்சாரமும் வாங்கியாகிவிட்டது. போனை வைத்தவுடன் அந்தச் சாமத்திய வீட்டுக்காரரை அழைத்து, என்னால் ஏலாது, வேறு ஆளைப் பாருங்கோ என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ஸ்கி எடுக்கப் போறன் என்றேன். அவர்கள் நம்பவில்லை.