எங்கள் கையெழுத்தில் ஒரு சப்போர்ட் டெண்டர்

'உங்கள் டெண்டர் பதிவேற்றப்பட்டது' என்று காலையில் மின்னஞ்சல் வந்தது. நான் எதையும் பதிவேற்றியிருக்கவில்லை.

திருத்தணி பைபாஸ் ஓரத்தில் என் அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார்; எனக்கு அவர் நைனா. நான் எலக்ட்ரிக்கல் படித்தவள். சுற்றுவட்டார ஊராட்சிகளில் குடிநீர் மோட்டார் எரிந்தால் கடைசியில் எங்களிடம்தான் வரும். பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும் எப்போதும் வேறு யார் பெயரிலாவது இருக்கும். அதை மாற்ற ஒரு வருடம் அலைந்தேன். ஒப்பந்ததாரர் பதிவு, ஜிஎஸ்டி, முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு கிடைக்கச் சிறுதொழில் சான்று, நைனா பெயரில் டிஜிட்டல் கையெழுத்து. அனுபவச் சான்றுக்குத்தான் அதிகம் அலைந்தேன். செய்த வேலையெல்லாம் அடுத்தவர் பெயரில் இருந்தால் யார் சான்று கொடுப்பார்கள்? பிறகு ஒவ்வொரு போர்வெல்லாகப் போய் ஆழம், குதிரைத்திறன், கேபிளின் நிலை எல்லாம் பார்த்து ரேட் போட்டேன். அன்று மூன்று மணிக்கு டெண்டர் மூடும். மத்தியானம் ஏற்றிவிடலாம் என்றிருந்தேன்.

மேசை டிராயரைத் திறந்தேன். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கன் அங்கே இல்லை.

"பாவா கேட்டாரு, குடுத்தேன்" என்றார் நைனா, காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய பாவா, என் அத்தை புருஷன். கனகம்மாசத்திரத்தில் பைப்புக் கடை. அந்த ஒப்பந்தத்தை வருடா வருடம் எடுப்பவரும் அவர்தான்.

"எதுக்குன்னு கேட்டியா?"

"சப்போர்ட்டுக்கு. இந்த தடவயும் அவரு மொற. எல்லாரும் பேசினது தான்."

இங்கே அதற்கு முறை என்றுதான் பெயர். டெண்டர் ஆன்லைனுக்கு வந்து எவ்வளவோ காலமாகியும், டீக்கடையில் உட்கார்ந்து இந்த வேலை யாருக்கு என்று முடிவு செய்கிறார்கள். மற்றவர்கள் வேண்டுமென்றே அதிக ரேட்டில் ஒரு டெண்டர் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பு லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தனுப்பினார்கள்; இப்போது டோக்கனையும் அதன் ரகசிய பின் நம்பரையும் கொடுத்தனுப்புகிறார்கள். நைனாவுக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தோற்பதற்கென்றே ஒரு விலையை எங்கள் பெயரில் எழுதி, அதில் அவர் கையெழுத்தையே போட்டிருக்கிறார்கள். நான் கத்தவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவரை ஸ்கூட்டியில் ஏறச் சொன்னேன்.

கடையில் மாமா சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"வாம்மா இன்ஜினியரு. இதுக்கா வெயில்ல வந்துகினு இருக்கீங்க? போன் பண்ணா பையன்கிட்ட குடுத்தனுப்பியிருப்பேனே."

"டோக்கன் வேணும் மாமா. மூணு மணிக்குள்ள எங்க ரேட்ட மாத்திப் போடணும்."

"எங்க ரேட்டா?" என்று நைனாவைப் பார்த்தார். "இன்னா மச்சான், வூட்ல தனி ஆபீசு நடக்குதா?"

நைனா அடுக்கியிருந்த பைப்புகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேசினேன். அவருடையதும் எங்களுடையதுமாக இரண்டு டெண்டரும் அவர் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே போயிருக்கின்றன, யாராவது கவனித்தால் இரண்டு பேரையும் கறுப்புப் பட்டியலில் வைப்பார்கள் என்றேன்.

"யாரு பாப்பாங்க? அங்க இருக்கறவங்களும் நம்ம ஆளுங்க தான். நீ படிச்சுட்டு வந்து எங்களுக்கு சட்டம் சொல்ற. ஒன் கம்பெனிக்கு டெண்டர் போட்டு பழக்கிவுட்டேன், அதுக்கு நீ ஸ்வீட் வாங்கினு வரணும்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா டோக்கனை எடுத்து மேசைமேல் உருட்டிவிட்டார். நான் அதை லேப்டாப்பில் செருகி, திருத்திய ரேட்டோடு தயாராக இருந்த பக்கத்தைத் திறந்து நைனா பக்கம் திருப்பினேன். கையெழுத்து அவருடையது. பின் நம்பரும் அவர்தான் போட வேண்டும்.

போட்டார். ஆனால் சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தாமல் கேட்டார்: "வாபஸ் எங்கம்மா இருக்குது?"

"வாபஸ் வாங்கினா மறுபடி போட முடியாது நைனா."

"தெரியும். பொய் ரேட்டும் வாணாம். அக்கா வூட்டுச் சோத்துல கைவெக்கவும் வாணாம். எங்க இருக்குது, காட்டு."

காட்டினேன். ஒரு வருட அலைச்சலை ஒரு கிளிக்கில் அழித்தார். கடையில் யாரோ "பெரிய மனுஷன்" என்றார்கள். வீட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தை என் காதில் எரிந்தது. நைனா மாமாவை எதிர்க்கவும் இல்லை, என் பக்கம் நிற்கவும் இல்லை. நடுவில் நின்றவர் நல்லவரானார். நஷ்டம் முழுவதும் எனக்கு.

நாங்கள் விலகியதில் மாமாவின் டெண்டர் மட்டும்தான் மிஞ்சியது. ஒற்றை டெண்டர் என்று அதை ரத்து செய்து, மறுபடி அறிவித்தார்கள். இந்த முறை நைனாவிடம் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அறிவிப்பு வந்த அன்றே லேப்டாப்பை அவர் முன் வைத்தேன். அன்று கடையில் அழித்தது என் ஒரு வருட உழைப்பு என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்; பின் நம்பரைப் போட்டார்.

எங்களுக்குக் கிடைத்தது. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள்.

மாமா வந்தார். ஒன்றும் நடக்காதது போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி மச்சான், டெண்டர் ஒங்க பேர்ல இருக்கட்டும். போர்ல மோட்டார் ஏத்தி எறக்கறத நம்ம ஆளுங்க பாத்துக்கட்டும். பில்லு வந்ததும் பேசிக்கலாம்."

துணை ஒப்பந்தம் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் நைனா, கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அதெல்லாம் அவதான் பாக்கறா பாவா. அவளக் கேளுங்க."

மாமா என்னைக் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார். நைனா ஏதோ பெரிதாகச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. இதை அவர் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தப் பைப்புக் கடை.