கூருக்குப் போன பேனைகள்

சுவிஸின் கூர் நகரத்தில் இருக்கும் கணவனுக்கு அனுப்பும் உறைக்குள் ஜெயந்தி ஒரு பேனையையும் வைப்பாள். வரிப் படிவம், திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய இன்னோர் உறை, அவற்றோடு ஒரு நீலப் பேனை. "பேனை இல்லை எண்டு அவர் சொல்லக்கூடாதெல்லோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பசையை நாக்கால் நனைத்து ஒட்டுவாள். மூன்று வருடத்தில் மூன்று பேனைகள் போய்விட்டன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வில் என்னும் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வோர் உடுப்பிலும் உரியவரின் பெயர் ஒரு துண்டு நாடாவில் தைத்திருக்கும். யாராவது இறந்துவிட்டால், உடுப்பைத் தானத்துக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் பிளேட்டால் ஒரே இழுவையில் கிழித்து எடுப்பார்கள். ஜெயந்தி சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தையல் தையலாகப் பிரிப்பாள். "பேரைப் பிடுங்கக்கூடாது. நோகும்" என்பாள். யாருக்கு நோகும் என்று அவள் சொன்னதில்லை.

அவளுடைய கணவன் அருட்செல்வன் கூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். முதலில் வாரம் ஒருமுறை வந்தான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு தீபாவளிக்கு மட்டும். பிரிந்துவிட்டோம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்: "அவருக்கு டியூட்டி."

"உன்ர மனுசனுக்கு வருசம் முழுக்க டியூட்டியோடி? அந்த ஹோட்டலை அவர்தான் தோளில தூக்கி வச்சிருக்கிறாரோ?" என்று இரத்தினம்மா அன்னதானப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்பாள். எல்லோரையும் விடப் பலமாகச் சிரிப்பவள் ஜெயந்திதான். அன்றைக்கு மட்டும் வாசலில் குனிந்து சப்பாத்து நாடா கட்ட அவளுக்குக் கனநேரம் எடுக்கும்.

இந்த நாட்டில் கணவன் மனைவிக்கு ஒரே வரிப் படிவம், இரண்டு கையெழுத்து. அவனுடைய சம்பளச் சான்றிதழும் வேண்டும். தொலைபேசியில் கேட்டால், "நான் என்ன கள்ளனோ, என்ர சம்பளத்தை உனக்குக் காட்ட?" என்று வைத்துவிடுவான். சான்றிதழ் இல்லாததால் வரி அலுவலகம் தானே ஒரு தொகையைக் கணித்து, தண்டமும் சேர்த்து அனுப்பும். அது அவளுடைய தபால்பெட்டிக்குத்தான் வரும். இரண்டு வருடம் ஞாயிறுகளில் வீடு துப்புரவாக்கிக் கட்டினாள். மூன்றாவது வருடம் முடியவில்லை. இனியும் இப்படியே போனால் பெயர் கடன் பதிவேட்டில் ஏறும். ஏறினால், இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கொடுத்த குடியுரிமை விண்ணப்பம் நின்றுவிடும். "அந்தச் சிவப்புப் புத்தகத்தில என்ர பேர் மட்டும்தான் இருக்கும்" என்று கிடைக்கப்போகும் கடவுச்சீட்டைப் பற்றி ஒரு குழந்தைபோலச் சொல்வாள்.

கடந்த கார்த்திகையில் ஒருநாள், வேலைச் சட்டையோடே நகர வரி அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் நின்றபோது இரண்டு தரம் திரும்பி வாசல்வரை வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது யதுஷா, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"பிரிஞ்சு இருக்கிறீங்கள் எண்டால் தனியப் படிவம் நிரப்பலாம் அன்ரி. அவர்ர கையெழுத்துத் தேவையில்லை."

"தேவையில்லையோ?" ஜெயந்தி இதைத் திரும்பக் கேட்டாள்.

"ஓம். பிரிஞ்ச திகதி மட்டும் சொல்லுங்கோ. எண்டைக்குப் போனவர்?"

"அவர் ஒரு நாளில போகேல்லைப் பிள்ளை. முதல் குளிர்ச் சட்டையைக் கொண்டு போனார். பிறகு கத்திகளை. பிறகு போர்வையை. தலையணை இன்னும் கிடக்கு."

யதுஷா பேனையை எடுத்தாள். "ஏதாவது ஒரு திகதி எழுதத்தானே வேணும், அன்ரி."

ஜெயந்தி கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

"பத்தாம் மாசம் ஆறு எண்டு எழுது" என்றாள். "அதுவரைக்கும் அவருக்கும் சேர்த்து ரெண்டு சுண்டு அரிசிதான் போட்டனான். ஒவ்வொரு நாளும் மிஞ்சும். அண்டைக்கு ஒரு சுண்டு போட்டன். மிஞ்சேல்லை."

யதுஷா எதையோ தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய கண்மை கலைந்திருந்தது. திகதியை எழுதினாள்.

தை மாதத்தில் படிவம் வந்தது. உறையில் ஜெயந்தியின் பெயர் மட்டும்தான். தபால்பெட்டிக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். இந்த முறை கூருக்கு ஒன்றும் அனுப்பத் தேவையில்லை. சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பிரிந்து வாழ்பவர் என்ற கட்டத்திலும் புள்ளடி போட்டாள்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. மேலே உள்ளது கணவனுக்கு, அல்லது தனியாக இருப்பவருக்கு. கீழே உள்ளது மனைவிக்கு. ஜெயந்தி கீழ்க் கோட்டில், எப்போதும்போலச் சின்னதாக, மேலே இடிக்காமல் கையெழுத்து வைத்தாள். மை காயும்வரை ஊதினாள். படிவத்தை வரி அலுவலகத்துக்கான உறைக்குள் வைத்து, நீலப் பேனையை மூடி அதையும் உள்ளே போட்டு, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.