சந்தனம் அமுக்கிய பொத்தான்

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. சரஸ்வதி பூஜை. வழக்கம்போல் பால் வாங்கி வந்தேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பிறகு கூடத்தில் மணை போட்டு, புத்தகங்களையும் மனைவியின் எலக்ட்ரானிக் தம்புராவையும் வைத்தேன். பூஜை முடியும்வரை அது ஐந்தரை கட்டையில் ஒலிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ஐந்தரை அவளுடைய பழைய சுருதி. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் குரல் நாலரையில்தான் சுகமாக நிற்கிறது. மறுநாள் சாயங்காலம் மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோயிலில், சிகிச்சைக்குப் பின் முதல்முறையாகப் பாட ஒப்புக்கொண்டிருந்தாள். எந்தச் சுருதி என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. "நாலரைக்கு எறங்கினா, கொரல் போயிடுத்துன்னுதானே பேசுவா?" என்பாள்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்டு வந்தவள், தம்புராவின் முகப்பிலும் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தாள். விரல் பதிந்தது சுருதியை ஏற்றும் பொத்தானில். சின்னத் திரையில் எண்கள் ஓடின: 6, 6.5, 7. அதற்கு மேல் அதில் கிடையாது; அங்கேயே நின்று கீச்சென்று ஒலித்தது. இறக்கும் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், பயனில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தேன்.

"போச்சு. நாளைக்குப் பாட வேண்டாம்னு அம்பாளே சொல்லிட்டா," என்று உட்கார்ந்துவிட்டாள்.

கெட்டுப்போகவில்லை என்று விளக்கினேன். பொத்தானுக்கு அடியில் ரப்பர், அதில் கரிப்பூச்சு. அமுக்கினால் கீழே பிரிந்திருக்கும் இரண்டு கம்பித்தடங்களைச் சேர்க்கும். உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொரு பொத்தானாக ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தடங்கள் சேர்ந்திருந்தால் விரல் இருப்பதாக அதற்கு அர்த்தம். விரல் எடுக்காதவரை ஏற்றிக்கொண்டே போகும், வேறு பொத்தானைக் கவனிக்காது. அது நினைப்பதைத்தான் திரை காட்டும். சந்தனம் பொத்தானின் ஓரத்தில் புகுந்து அதை எழும்பவிடாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்போ யார் வெரல்னு நெனச்சிண்டிருக்கு?"

"சரஸ்வதி வெரல்னு."

"அவளுக்கு ஏழு கட்டை எட்டும். எனக்கு?" என்று சிரித்துவிட்டாள்.

பஞ்சை நனைத்து எடுத்து வந்தேன். "தொடாதேங்கோ! பூஜைல வெச்சாச்சு." மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை எடுக்கக் கூடாது. அன்று முழுவதும் தம்புரா இல்லாமலே, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் காரியமாக, குளித்து, பால் நைவேத்தியம் செய்து, கற்பூரம் காட்டி, பூஜை நிறைவுற்றதற்கு அடையாளமாகத் தம்புராவை வடக்கே சற்று நகர்த்தி எடுத்தேன். ஈரப் பஞ்சால் ஓரம் முழுக்கத் துடைத்ததும் சந்தனம் கரைந்து பொத்தான் எழும்பியது. சுவிட்சைப் போட்டால் திரையில் 7. இறக்கும் பொத்தானை அவளே அமுக்கினாள். ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து. எங்கும் தயங்கவில்லை. நாலரையில் விரலை எடுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.