பூவாத்தாள் பங்குக்கு இரண்டு பாட்டில்

இதை எழுதவே கூசுகிறது. ஆனாலும் என் மனைவி பூவாத்தாளைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் எங்களுக்குக் கோழித்தீவனக் கடை. தீவன மூட்டை இறக்க வரும் லாரி டிரைவர்களுக்கு அவள்தான் சாப்பாடு போடுவாள். சாராய வாடை அடித்தால் மட்டும் சோறு கிடையாது. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் நான், "குடிகாரன் மவதான நீ" என்பேன். அவள் வாயை மூடிக்கொள்வாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன வருடம் தீவனக் கம்பெனிக்காரர்கள் டீலர்களை ஜோடி ஜோடியாகக் கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். மகள் ஷாலினியைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "வரும்போது டியூட்டி ஃப்ரீ கடையில நாலு பாட்டில் வாங்கியாந்துருங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். கொழும்பு விமான நிலையக் கடையில் லிட்டர் பாட்டில் நான்கை எடுத்து வைத்துவிட்டு, அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"எம்பேர்லயுங்களா?"

"சும்மா பேருக்குத்தான், குடு."

கொடுத்தாள்.

திருச்சியில் சுங்க அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். "ரெண்டு இவளோடதுங்க சார்" என்றேன். அவர் அவளுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க குடிப்பீங்களா?"

பின்னால் வரிசையில் எங்கள் டீலர்கள் எல்லாரும் நின்றார்கள். எனக்கு வாங்கியது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டில் போய்விடுமே என்று பேசாமல் நின்றேன். பூவாத்தாள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமாங்க, குடிப்பேனுங்க."

வரிசையே சிரித்தது. மானங்கெட்டவன், நானும் சேர்ந்து சிரித்தேன்.

வேனில் ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டுப் பூட்டைத் திறந்தபடிதான் கேட்டாள்.

"எங்கய்யன் குடிச்சதுக்கு இத்தன வருசமும் பேச்சு வாங்குனேனுங்க. இன்னைக்கு நானே குடிப்பேன்னு சொல்லிப்போட்டேன். இனி என்னைய என்ன சொல்லி வைவீங்க?"

"உடு பூவா" என்றேன். பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் காலையிலேயே பாட்டில்களைக் கொண்டுபோய்ச் சம்பந்தியிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கட்டும் என்று விமான நிலையத்தில் நடந்ததையும் நானே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காபி கொண்டுவந்த ஷாலினி டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.